பரணைக் காலி பண்ணப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. எழுந்து போகாமல், எட்டிப் பார்க்காமல், உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்!

கொலு பொம்மைப் பெட்டி... சரி. அப்புறம்? பையன் சின்ன வயசில் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள். கைப்பிடி உடைந்த குக்கர். 'ஒரு நாள் சரி பண்ணிக்கலாம்' என்று ஏற்றி வைத்த டேபிள் ஃபேன். அதற்கு அப்புறம்? 'என்னமோ இருக்குங்க... ஏறிப் பார்த்தாத்தான் தெரியும்!' இதுதானே உங்கள் பதில்?

வெட்கப்படாதீர்கள். பாதி வீடுகளில் இதே கதைதான். போகிக்கு முதல் நாளோ, வீட்டில் கல்யாணம் என்றாலோ, வீடு மாறும்போதோதான் நமக்குப் பரண் ஞாபகமே வரும். உடனே யாரையாவது கூப்பிட்டு, 'எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிடுப்பா' என்று கதவைத் திறந்து விட்டுவிடுகிறோம்.

வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எப்படி என்கிறீர்களா? என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரே நாள்... நாலு வம்பு!

பெரியம்மாவுக்கு 76 வயது. மேற்கு மாம்பலத்தில் பழைய ஃப்ளாட். பெரியப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதால் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பெரியம்மாவின் மகன், அதாவது எனக்கு அண்ணன், பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு இரண்டு நாள் லீவில் வந்தார்.

"அம்மா இருந்தா ஒரு டப்பாவைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டாங்க" என்று பெரியம்மாவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, யாரோ சொன்ன ஆட்களை வரவழைத்தார். கூடமாட உதவி செய்ய நானும் போனேன். ஆகவே, இனி நான் சொல்லப்போகிற தப்பில் எனக்கும் பங்கு உண்டு!

நான்கு ஆட்கள், ஒரு குட்டியானை வண்டி. "மொத்தமா பேசிக்கலாம் சார். இரும்பு, பித்தளை, பேப்பர், ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் நாங்களே எடுத்துக்கறோம். நீங்க ஒண்ணும் தர வேணாம்" என்றார்கள். 'ஒண்ணும் தர வேணாம்' என்ற வார்த்தையில் அண்ணன் விழுந்துவிட்டார். நானும்தான்.

முதல் வம்பு, தூசி. பரணை வெறும் துடைப்பத்தால் பெருக்கித் தள்ள, வீடு முழுக்கப் புகை மாதிரி தூசி. ஹாலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான் அண்ணனின் ஒன்பது வயசுப் பையன். ஆஸ்துமா உள்ள பிள்ளை. மத்தியானம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாவது வம்பு, பெரியப்பாவின் பழைய பி.பி. பார்க்கும் கருவி. கை தவறி விழுந்து உடைந்து, தரையெல்லாம் பாதரசம் ஓடியது. வந்திருந்த ஆட்களில் ஒருவன், இருபது வயசுகூட இருக்காது, அந்த வெள்ளிக் குண்டுகளை உள்ளங்கையில் உருட்டி வேடிக்கை காட்டினான். பிறகு துடைப்பத்தால் கூட்டி மூலையில் தள்ளினான். 'தொடாதேப்பா' என்று சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

மூன்றாவது வம்பு, மறுநாள் வந்த போன். "உங்க வீட்டு மெத்தை, சோபா எல்லாம் பின் தெரு காலி மனையில கிடக்குதே! அட்டைப் பெட்டியில உங்க பெரியப்பா பேரே இருக்கு!" விலை போகிற சாமான் கடைக்குப் போய்விட்டது. விலை போகாதது அடுத்த தெருவுக்குப் போய்விட்டது! இரவு பெய்த மழையில் டப்பாக்களிலும் டயர்களிலும் தண்ணீர் தேங்கி நின்றது.

நான்காவதுதான் பெரிய வம்பு. பெரியம்மா திரும்பி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"பச்சை டிரங்குப் பெட்டி எங்கேடா?"

"உள்ளே வெறும் பழைய நோட்டுதாம்மா இருந்துச்சு. பேப்பரோட போட்டாச்சு."

பெரியப்பா முப்பது வருஷமாக எழுதி வந்த வீட்டுக் கணக்கு நோட்டுகள் அவை. பெரியம்மா கத்தவில்லை, அழவில்லை. ஆனால், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. மூன்றாம் நாள் தலைசுற்றல். டாக்டர் பார்த்தபோது ரத்த அழுத்தம் எகிறியிருந்தது.

கவனித்தீர்களா? இந்த நான்குமே சாமான் பரணில் இருந்ததால் வந்தவை அல்ல. அதை வெளியேற்றிய விதத்தால் வந்தவை!

அப்படியானால் சும்மாவே விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. அடைசலும் ஆபத்துதான்.

மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், உடைந்த வாளி, பெயின்ட் டப்பா. இவற்றில் தேங்கும் கொஞ்சம் தண்ணீர் போதும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு குடும்பம் நடத்த. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்களே ஆகின்றன. தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் தீராது. டப்பாவின் உள் பக்கம் ஒட்டியிருக்கும் முட்டை தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குப் பொரிக்கும். டப்பாவைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது அப்புறப்படுத்த வேண்டும்.

பழைய மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் வாழ்கின்றன. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அவற்றின் கழிவு காற்றில் கலந்தால் அடுக்குத் தும்மல், அரிப்பு, ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு. ஈரம் பட்ட அட்டைப் பெட்டியில் பூஞ்சை வேறு.

எலியைச் சொல்லவே வேண்டாம். அதன் சிறுநீர் மூலம் பரவுவது லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல். கையில் சின்னக் கீறல் இருந்தால்கூடக் கிருமி உள்ளே புகுந்துவிடும்.

ஆகவே, காலி செய்யத்தான் வேண்டும். ஆனால், ஒரு ஆபரேஷனுக்குத் தயாராவது மாதிரி, முன்னேற்பாட்டோடு!

எது எங்கே போகணும்?

ஆளைக் கூப்பிடும் முன், என்ன சாமான் எங்கே போக வேண்டும் என்று நீங்களே பிரித்துவிடுங்கள்.

*இரும்பு, பித்தளை, அலுமினியம், பேப்பர், பாட்டில்:* பழைய இரும்புக் கடை, பழைய பேப்பர் கடை. அந்தக் காலத்தில் 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு வருவார்களே, அந்த வியாபாரத்தின் வாரிசுகள்தான் இவர்கள். இவர்களுக்கு உங்கள் தெரு தெரியும், நாளைக்கும் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டும். திடீர் ஆட்களைவிட இவர்களே மேல்.

*டி.வி., கம்ப்யூட்டர், செல்போன், ஃப்ரிட்ஜ்:* இது மின்னணுக் கழிவு. பழைய டி.வி.யின் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. தாமிரத்துக்காக ஒயரை எரித்தால் டையாக்ஸின் போன்ற நச்சு கிளம்புகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரித்த கம்பெனிகளுக்கு இதில் பொறுப்பு உண்டு. புதுசு வாங்கும்போது பழையதைக் கொடுத்துவிடுங்கள். அல்லது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேருங்கள்.

பழைய ஃப்ரிட்ஜ் இரண்டு நாள் வராந்தாவில் நிற்கப் போகிறதா? கதவைக் கழற்றிவிடுங்கள், அல்லது திறக்க முடியாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். ஒளிந்து விளையாடப் போய் உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தது உண்டு.

*இன்வெர்ட்டர், கார் பேட்டரி:* ஈயமும் ஆசிட்டும் உள்ள சமாச்சாரம். பேட்டரி விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். புது பேட்டரி விலையில் கழித்துக்கொள்வார்கள்.

*டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு, பாதரசத் தெர்மாமீட்டர், பழைய பி.பி. கருவி:* மூட்டையில் போடவே கூடாது. உடையாமல் தனி அட்டைப் பெட்டியில் வைத்து, அபாயகரமான வீட்டுக் கழிவு என்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். பி.பி. கருவி என்றால் முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

*காலாவதியான மருந்து மாத்திரை:* பழைய சாமான் மூட்டையில் போனால் எந்தக் குழந்தை கையில் சிக்குமோ! எல்லாவற்றையும் டாய்லெட்டில் கொட்டுவதும் தப்பு. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டியில், டாய்லெட்டில் கொட்டிவிடலாம் என்று சொன்னது 17 மருந்துகளை மட்டும்தான். மார்ஃபின் போன்ற கடுமையான வலி மருந்துகள் அதில் அடக்கம். மற்றவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று மருந்துக் கடையில் விசாரியுங்கள்.

*மெத்தை, சோபா, உடைந்த கட்டில்:* யாருக்கும் வேண்டாத சாமான். காலி மனைக்குப் போவது இதுதான்! சென்னை மாநகராட்சி, 2025 அக்டோபரில் இப்படிப்பட்ட பெரிய சாமான்களைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 1913-க்கு போன் செய்து, உங்கள் பகுதிக்கு எப்போது வருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு ஊர்க்காரர்கள் உங்கள் நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

'அட, போகி அன்னிக்குக் கொளுத்திட்டா முடிஞ்சுது!' என்கிறீர்களா? அந்தக் காலப் போகியில் எரிந்தது பழைய பாயும் துடைப்பமும். இப்போது எரிவது பிளாஸ்டிக்கும் ரெக்ஸினும் டயரும். 2018 போகி அன்று சென்னையில் பனியோடு புகை கலந்து, விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. விமானத்துக்கே அந்தக் கதி என்றால், நம் நுரையீரல் எந்த மூலைக்கு?

ஆளைப் பிடிக்கும் முன் அஞ்சு கேள்வி

1. எத்தனை பேர் வருவீர்கள், யார் பொறுப்பு? ஒருவரின் பெயரும் போன் நம்பரும் கையில் இருக்கட்டும்.

2. எதற்கு நீங்கள் தருவீர்கள், எதற்கு நான் தரணும்? இரும்பு, பித்தளை, பேப்பருக்குக் கிலோ என்ன விலை, மெத்தை, சோபாவை அகற்றக் கூலி என்ன என்று தனித்தனியாகப் பேசுங்கள். 'மொத்தமா' என்ற வார்த்தை வேண்டாம். தராசை உங்கள் கண் எதிரே வைத்து எடை போடச் சொல்லுங்கள்.

3. மாடி இறக்குவது, வண்டியில் ஏற்றுவது எல்லாம் இந்தக் கூலிக்குள்ளேயா? பீரோவைப் பாதி மாடிப்படியில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது யாருக்கும் நல்லதல்ல.

4. விலை போகாத சாமான் எங்கே போகும்? இதுதான் முக்கியமான கேள்வி. "அதை நாங்க பார்த்துக்கறோம் சார்" என்பது பதில் இல்லை. எந்த இடம் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால், அந்தச் சாமானை மட்டும் நிறுத்தி வைத்து மாநகராட்சிக்குச் சொல்லுங்கள்.

5. பணம் எப்போது? முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். வேலை முடிந்து, இடம் சுத்தமான பிறகு மிச்சத்தைக் கொடுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இலவசமாக அள்ளிக்கொண்டு போகிறேன் என்றால், விலை இல்லாத சாமானுக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கப் போகிறார் என்று அர்த்தம். எங்கள் விஷயத்தில் அது பின் தெருக்காரர்கள்.

அன்றைய தினம்...

குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும். இன்ஹேலர் கூடவே போகட்டும்.

நகை, பணம், பத்திரங்களை முதல் நாளே பூட்டி வையுங்கள். பழைய கைப்பை, புத்தகம், அரிசி டப்பா எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். நம் பாட்டிமார்கள் எங்கே பணம் ஒளிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா!

ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். தூசி படிந்த இடத்தை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். எலிப் புழுக்கையோ, புறாவின் எச்சமோ இருந்தால் ப்ளீச்சிங் கரைசல் தெளித்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, ஈரத்துணியால் வழித்து எடுங்கள். ப்ளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் மட்டும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

பரணில் கையை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். தேள் இருக்கலாம். துருப்பிடித்த தகரம் கிழித்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார். கனமான பெட்டியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள்.

வந்திருக்கும் ஆட்களையும் கொஞ்சம் கவனியுங்கள். நமக்கு இது ஒரு நாள் தூசி. அவர்களுக்குத் தினமும் இதுதான். ஆளுக்கு ஒரு நல்ல மாஸ்க், ஒரு ஜோடி கையுறை, குடிக்கத் தண்ணீர். இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்? அந்தப் பையன் பாதரசத்தை உருட்டியது இன்னமும் என் கண்ணில் நிற்கிறது.

பாதரசம் கொட்டினால்...

முதலில் எல்லோரையும், முக்கியமாகக் குழந்தைகளை, அந்த அறையை விட்டு வெளியே அனுப்புங்கள். ஃபேன், ஏ.சி.யை நிறுத்துங்கள். வெளி ஜன்னலைத் திறந்து, உள் கதவைச் சாத்துங்கள். துடைப்பமும் வாக்குவம் க்ளீனரும் வேண்டவே வேண்டாம். இரண்டும் அதைச் சின்னச் சின்னத் துளியாக உடைத்துப் பரப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத பாதரச ஆவியை நாம் சுவாசிப்போம். நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது அது.

தெர்மாமீட்டர் உடைந்த அளவு என்றால், தங்க நகைகளைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டு, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றாக நகர்த்தி, மூடி உள்ள பாட்டிலில் சேருங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள். பி.பி. கருவி என்றால் அளவு பல மடங்கு அதிகம். நீங்களே இறங்காமல், அறையைப் பூட்டிவிட்டு டாக்டரிடமும் மாநகராட்சியிடமும் யோசனை கேளுங்கள்.

பெரியவங்களைக் கேட்டீங்களா?

வயசானவர்களுக்கு ஒரு பழைய டப்பா வெறும் டப்பா அல்ல. அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் காலி செய்வது நமக்குச் சுலபம். திரும்பி வந்து வெற்று அலமாரியைப் பார்ப்பது அவர்கள்தானே?

பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். 'வச்சுக்கறது', 'யாருக்காவது கொடுக்கறது', 'போகட்டும்' என்று மூன்று குவியல். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஒரு அலமாரி. முடிவு செய்ய முடியாத சாமானுக்கு ஒரு தனிப் பெட்டி, பத்து நாள் தவணை. இது போதும்.

ஆனால், நடக்க வழியில்லாத அளவுக்குச் சாமான் சேர்கிறது, காலிக் கவரைக்கூட விடமாட்டேன் என்று பதறுகிறார் என்றால் அது பிடிவாதமாக மட்டும் இருக்காது. சாமான்களைப் பிரிய முடியாமல் சேர்த்துக்கொண்டே போவதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தன் நோய்ப் பட்டியலில் தனி நோயாகவே சேர்த்தது. சில சமயம் ஞாபக மறதி நோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். அவருக்குத் தெரியாமல் தூக்கிப் போட்டால் பதற்றம்தான் கூடும். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

சரி, பெரியம்மாவின் நோட்டுகள் என்ன ஆயின?

அண்ணன் லீவை நீட்டித்தார். வந்த ஆட்களைப் பிடித்து, அவர்கள் பேப்பர் போட்ட கடையைக் கண்டுபிடித்தோம். கடைக்காரர் ஒரு சாக்கைக் காட்டினார். "கையால எழுதின நோட்டு, போட்டோ எல்லாம் வந்தா கொஞ்ச நாள் எடுத்து வச்சுடுவேன் சார். யாராவது தேடிக்கிட்டு வருவாங்க." இருபது நோட்டுக்கு மேல் இருந்த பெட்டியில் எங்களுக்குக் கிடைத்தது நான்குதான். மிச்சம் ஏற்கெனவே லோடு ஏறிவிட்டது.

பெரியம்மா ஒரு நோட்டைப் பிரித்தார். பெரியப்பாவின் கையெழுத்தில் காய்கறி, பால், பஸ் சார்ஜ். நடுவே ஒரு வரி, 'அவளுக்குக் கண்ணாடி வளையல்'. ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சமையலறைப் பரணை அவரே முன்னால் உட்கார்ந்து காலி செய்தார். நாங்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினோம். "இதைக் கீழ்வீட்டுப் பொண்ணுக்குக் கொடு. இது போகட்டும். இதுவும் போகட்டும்டா, இதை எதுக்குடா இத்தனை நாள் வச்சிருந்தேன்?" இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு டப்பாவைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டார் என்றாரே அண்ணன், அவர் வைத்துக்கொண்டது மொத்தமே ஒரு பெட்டிதான்!

முதலிலேயே அவரைக் கேட்டிருக்கலாம். நீங்களாவது கேட்டுவிடுங்கள்.